வரதன் சொல்லிக்கொடுத்த அடி

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், ஹார்டுவேர் கடைக்கு மேலே முதல் மாடியில் அத்தாவுல்லாவின் ஸ்னூக்கர் பார்லர் இருக்கிறது. மூன்றே மேஜைகள். அங்கே பதினோரு வருடமாக வரதன் என்றால் தனி மரியாதை. அவன் படியேறி வந்தால் மூலை மேஜை தானாகக் காலியாகும். அவன் குனிந்து க்யூ கோலை நீட்டினால் பக்கத்து மேஜையில் ஆட்டம் நின்றுவிடும்.

வயது முப்பத்தொன்பது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறான். ஆளுயரச் சக்கரங்கள் வைத்த அந்த வண்டியின் நீண்ட கையால் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி ஐந்தடுக்காக அடுக்குவது வேலை. ஒரு விரற்கடை பிசகாமல் வைப்பான் என்று யார்டில் பெயர். அந்தப் பெயரும் பார்லரில் கிடைக்கும் மரியாதையும்தான் தன் வாழ்க்கையில் தானே சம்பாதித்தவை என்று அவன் நினைத்திருந்தான்.

போன வருடம் அந்த மரியாதையில் ஓட்டை விழ ஆரம்பித்தது. கிட்டத்துப் பந்துகள் ஒழுங்காக விழுந்தன. மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அடிக்கும் தூரப் பந்துகள் மட்டும் மேஜை ஓரத்துப் பையின் வாயில் மோதி வெளியே தெறித்தன. க்யூவை மாற்றிப் பார்த்தான். கண் டாக்டரிடம் போய் வந்தான். கண்ணில் ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மனைவி செங்கொடி அவனைக் கூட்டிப்போக பார்லருக்கு வந்தாள். வியாசர்பாடியில் அவளுடைய சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவையோடு வாசலில் நின்றவளிடம் வரதன் தன் போனைக் கொடுத்தான்.

"ரெண்டே நிமிசம். நான் அடிக்கிறத வீடியோ எடு. எங்க தப்பு பண்றேன்னு பாக்கணும்."

எடுத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள்.

"நீ கோலப் பின்னால இஸ்துக்கினு போற இல்ல, அங்க நிக்கவே மாட்ற. போன வேகத்துலயே திரும்பி வந்துடற. அப்போ தோளு தூக்குது. பாரு, மூணு வாட்டியும் தூக்குது."

"பதினோரு வருசமா ஆடறவனுக்கு இன்னிக்கு வந்தவ சொல்லித் தர்றியா?"

"நீதான எங்க தப்புன்னு கேட்ட?"

வரதன் போனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மறுநாள் யார்டில் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தபோது அவள் சொன்னது சரியென்று தெரிந்தது. மூன்று அடியிலும் தோள் எழும்பியது. நின்று அடிக்கப் பழகிப் பார்த்தான். முடியவில்லை. பதினோரு வருடப் பழக்கம் கையைத் தள்ளிக்கொண்டு போனது.

செங்கொடி க்யூவைத் தொட்டது அடுத்த ஞாயிறு. அவனுக்காகக் காத்திருந்து அலுத்துப்போய், நானும் ஒன்று அடிக்கட்டுமா என்று விளையாட்டாகக் கேட்டாள். அத்தாவுல்லா ஒரு க்யூவை எடுத்துக் கொடுத்து, எப்படி நிற்பது, தாடையை எங்கே வைப்பது என்று காட்டினார். அவள் குனிந்தாள். க்யூவை மெல்லப் பின்னால் இழுத்தாள். ஒரு மூச்சு நேரம் அங்கே நிறுத்தினாள். பிறகு விட்டாள். சிவப்புப் பந்து பையின் ஓரத்தைக்கூட உரசாமல் உள்ளே போனது.

"மாஷா அல்லா!" என்றார் அத்தாவுல்லா. "மாமு, பாத்தியா? இந்த ஒண்ணுக்குத்தான் நான் ஒவ்வொருத்தன்கிட்டயும் தொண்ட வத்த கத்திக்கினு கீறேன்."

செங்கொடிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தண்டையார்பேட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. "நரம்புல ஊசி ஏத்தசொல்லவும் இப்டித்தான் பாய். கைய நிறுத்திட்டுத்தான் உள்ள போவணும். அவசரப்பட்டா பேஷன்ட்டு கத்துவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வரதனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்த க்யூவை வாங்கிக்கொண்டான்.

லேபில் வெறும் வயிற்றோடு வரும் கூட்டம் பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும். பதினொன்றுக்கு பார்லரில் மேஜைகள் சும்மா கிடக்கும். செங்கொடி வாரத்தில் நாலு நாள் போக ஆரம்பித்தாள். அத்தாவுல்லா பந்தே வைக்காமல், மேஜையில் வரைந்திருந்த வெள்ளைக்கோட்டின் மேல் க்யூவை இழுத்து விடச் சொன்னார். கோட்டை விட்டு விலகாமல் நூறு முறை. அவள் முகம் சுளிக்காமல் செய்தாள். வரதனிடம் இதைத்தான் அவர் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு உள்ள வேலை என்று அவன் ஒதுக்கித் தள்ளியிருந்தான்.

நாலு மாதத்தில் அவள் ஆட்டம் வேறாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒரே மூச்சுல நாப்பத்திரண்டு பாயின்ட்டு பிரேக்கு அடிச்சேன்யா" என்று அவள் ஆரம்பித்தால் வரதன் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவுவான். அவள் அடிக்கும்போது நின்று பார்ப்பான். பந்து விழுந்தால் அதிர்ஷ்டம் என்று மனதில் சொல்லிக்கொள்வான். விழாவிட்டால் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. தவறிய பந்துகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதை ஒருநாள் கவனித்துத் திடுக்கிட்டான். அதற்குப் பிறகும் எண்ணினான்.

ஒரு சனிக்கிழமை மாலை புதிதாக வந்த ஒருவன் பார்லரில் அவனைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணா, நீங்க செங்கொடி அக்கா வூட்டுக்காரரு தான?"

பதினோரு வருடம். வரதன் தலையாட்டிவிட்டு, ஆடாமலே படியிறங்கிப் போனான்.

பார்லரின் ஆண்டுவிழாவுக்கு பதினாறு பேர் ஆடும் போட்டி வைத்தார் அத்தாவுல்லா. செங்கொடியும் பெயர் கொடுத்தாள், அந்தப் பட்டியலில் ஒரே பெண். போட்டிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, புளியந்தோப்பில் அவர்கள் வீட்டில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"தூரப் பந்துக்கு எனக்கு வேகம் பத்தலப்பா. பாதி வழியிலயே சோர்ந்துடுது. இன்னா பண்ணட்டும்?"

அத்தாவுல்லாவைக் கேட்காமல் அவனைக் கேட்டாள். வரதனுக்கு பதில் தெரியும். க்யூவை இன்னும் கொஞ்சம் நீளமாகப் பின்னால் இழுக்க வேண்டும். அதே நிதானம், அதே நிறுத்தம். வேகம் தானாக வரும். தன்னால் செய்ய முடியாததுதான் என்றாலும் சொல்லத் தெரியும்.

"அங்க நிக்கற பாரு, அத வுட்டுடு" என்றான். "அதான் வேகத்த சாப்ட்டுடுது. பின்னாடிக் கைய இறுக்கிப் புடிச்சுக்க. இஸ்து, அப்டியே சடார்னு அடி."

சொல்லும்போது அவன் குரல் ஆடவில்லை. அது அவனுக்கே ஆச்சரியம்.

"பாய் நிறுத்து நிறுத்துன்றாரே?"

"அது புதுசா கத்துக்கறவங்களுக்கு. நீதான் அதத் தாண்டிட்டியே."

அந்தப் பாராட்டில் அவள் முகம் மலர்ந்தது. அவன் வாயிலிருந்து அவள் ஆட்டத்துக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

முதல் சுற்றில் அவளுக்கு எதிராக ஆடியது பெனிட்டோ. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், மண்ணடியில் மொத்த வியாபாரம். சுமாரான ஆட்டக்காரன். செங்கொடி குனிந்தாள், இழுத்தாள், வெடுக்கென்று அடித்தாள். தோள் எழும்பியது. பந்து பையின் வாயில் மோதித் தெறித்தது. மறுபடியும். மறுபடியும். அவளுடைய கையில் தன்னுடைய நோயை அச்சு அசலாகப் பார்த்தான் வரதன். இரண்டு பிரேம் ஆட்டமும் பெனிட்டோவுக்கே போயின.

வரதன் தன் முதல் சுற்றில் ஜெயித்தான். செங்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"நீயாவது ஜெயிச்சியே, அது போதும்யா."

அடுத்த சுற்றில் அவன் தோற்றான்.

போட்டி முடிந்த பிறகும் அவள் கை திரும்பவில்லை. பழையபடி நிறுத்தப் பார்த்தால் வெடுக் வந்தது. வெடுக்கென்று அடித்தால் பந்து போகவில்லை. ஒருநாள் லேபிலிருந்து சாப்பிடாமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு வயதான அம்மாவுக்கு இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லையாம். பத்து வருடத்தில் அப்படி நடந்ததில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் வந்து எடுத்தாளாம்.

"கையே போச்சுப்பா. குத்தசொல்ல பயமா கீது. இந்த ஆட்டத்தையே வுட்டுடலாம்னு பாக்கறேன்."

வரதன் தட்டில் சோற்றைப் போட்டு அவளிடம் நீட்டினான். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. அவள் விட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு இனிப்பாக இருந்ததுதான் அவனைப் பயமுறுத்தியது.

நாலாம் நாள் இருவரும் பார்லரில் இருந்தார்கள். அவள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தாவுல்லா எழுந்து வந்து க்யூவைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்த வெடுக்க உனக்கு யார்மா சொல்லிக் குடுத்தது?"

வரதன் சாக்குக் கட்டியை எடுத்து க்யூ முனையில் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒர்த்தரும் சொல்லல பாய்" என்றாள் செங்கொடி. "நானாத்தான் பண்ணிக்கினேன்." அவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும்போது வரதன் சொல்லிவிட்டான். பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்கவில்லை.

"வேணும்னேதான் சொன்னேன். தப்புன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். நீ என்னவிட நல்லா ஆடற. என்னால தாங்க முடியல."

செங்கொடி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அன்னிக்கு நா தோத்தப்போ உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றாள். "அப்பவே சந்தேகம். இவரு அப்டி பண்ண மாட்டாருன்னு எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன்." தன் கையை நீட்டிக் காட்டினாள். "ஆட்டம் போவட்டும்யா. ஊசி புடிக்கிற கைய்யா இது. இத வெச்சுத்தான நான் சோறு துன்றேன்?"

பேசின் பிரிட்ஜ் வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். அவன் இறங்கப் போனபோது, "நீ வராத" என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் தேவைக்கு மட்டும் பேச்சு. சாப்பாடு கீது, கரன்ட் பில் வந்துகீது, அவ்வளவுதான். அவள் பார்லருக்குப் போவதை விடவில்லை. வெள்ளைக்கோட்டின் மேல் மறுபடியும் முதலிலிருந்து இழுத்து விட்டாள், நூறு முறை, இருநூறு முறை. கை மெல்லத் திரும்பியது. லேபிலும் திரும்பியது. இதையெல்லாம் அத்தாவுல்லா போனில் சொல்லித்தான் வரதன் தெரிந்துகொண்டான்.

அவன் பார்லருக்குப் போகவில்லை. ஷிப்டு இல்லாத காலைகளில் வீட்டு மேஜையில் ஒரு கண்ணாடி பாட்டிலைப் படுக்கவைத்து, க்யூவின் முனை அதன் வாயில் படாமல் உள்ளே போய் வரப் பழகினான். மெல்ல இழுத்து, நிறுத்தி, விட வேண்டும். முதல் வாரம் கண்ணாடியில் டிங் டிங் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. செங்கொடி அதைக் காதில் வாங்காதவள் போல அடுப்படிக்கும் அறைக்கும் நடந்தாள். ஒருநாள் காய்ந்த துணியோடு போனவள் நின்றாள்.

"கைய இவ்ளோ இறுக்கினா எப்டி நிக்கும்? குருவியப் புடிக்கிற மாதிரி புடி."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வரதன் பிடியைத் தளர்த்தினான். கண்ணாடியில் சத்தம் வரவில்லை.

இந்த வருடம் பெரம்பூரில் ஒரு கிளப் பெண்களுக்கென்று போட்டி வைத்தது. செங்கொடி போனாள். நீயும் வா என்று கூப்பிடவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வரதன் பின்னால் போய்ச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தான். காலிறுதி, கடைசி பிரேம். மேஜையின் முழு நீளத்துக்கும் ஒரு நீலப் பந்து. அவள் குனிந்தாள். நீளமாக, மெல்லப் பின்னால் இழுத்தாள். நிறுத்தினாள்.

அந்த நிறுத்தத்தில் வரதனின் மனது, போகக் கூடாது, போகக் கூடாது என்றது. அவன் அதைத் தெளிவாகவே கேட்டான்.

நீலம் நேராக உள்ளே விழுந்தது. கூடம் கைதட்டியது. வரதனின் கைகள் மடியிலிருந்து எழ ஒரு நொடி பிடித்தது, பிறகு அவனும் தட்டினான்.

அரையிறுதியில் அவள் தோற்றாள். திரும்பும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது செங்கொடி சொன்னாள்.

"நீலத்துக்கு லேட்டாத் தட்டின."

"ஆமா" என்றான் வரதன். "வயிறு எரிஞ்சுது."

அவள் அவனை ஒரு முறை முழுசாகப் பார்த்தாள். பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்துப் பாதியை அவனிடம் நீட்டினாள்.

"செவ்வாக்கிழமை எனக்கு லீவு. பார்லருக்கு வா. அந்தத் தோளு இன்னும் தூக்குதான்னு பாப்போம்."