உறையை விட்டு வந்தும் வராத கத்தி

கிடங்கில் எல்லோரும் அவரைக் கத்தியண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு இரண்டு காரணங்கள். அவர் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும் என்பது ஒன்று. அந்தக் கத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவன் கழுத்தை அறுக்காமல் விடமாட்டார் என்பது இன்னொன்று. முதல் காரணம் மட்டும்தான் என்று அவர் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளின் கட்டுகளை அறுத்து, உள்ளே சரக்கு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, சரக்கை நகர்த்தும் ஓடும் பெல்ட்டில் ஏற்றி அனுப்புவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, அதே மேஜை. அத்தனை வருடத்தில் அவர் கையில் உயிரைவிட்ட மலிவுக் கத்திகளுக்குக் கணக்கே இல்லை. ஒன்றுக்கு ஆணி கழன்றது, இன்னொன்று ஒரே வாரத்தில் மழுங்கியது. கடைசியாக இருந்த கத்தியின் பூட்டு வேலைக்கு நடுவில் நழுவி, விரித்த அலகு மடங்கி ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்தது. நான்கு தையல். கட்டுப் போட்ட விரலோடு வீட்டுக்கு வந்தவர், இனி வாங்கினால் உயர்ந்த கத்திதான் என்று சொல்லிவிட்டார்.

சொன்னபடி வாங்கியும் விட்டார். அரை மாதச் சம்பளம்.

"அரை மாசச் சம்பளத்துக்குக் கத்தியா?" என்று மனைவி கேட்டாள். "குக்கர் கைப்பிடி ஆறு மாசமா ஆடுது. அது உங்க கண்ணுல படல."

"மலிவா பத்து வாங்கித் தூக்கிப் போடறதுக்கு இது எவ்வளவோ மேல். ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் போதும்."

"அப்போ ஆயுசுக்கும் அதையே பொரிச்சுச் சாப்பிடுங்க."

கத்தி நல்ல கத்திதான், அதில் பொய்யில்லை. கட்டை விரலால் லேசாகத் தள்ளினால் அலகு வழுக்கிக்கொண்டு வந்து 'டிக்' என்று நிற்கும். அப்புறம் யார் அழுத்தினாலும் அசையாது. கருப்பு மரப்பிடி உள்ளங்கையில் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்காரும். தடித்த நைலான் பட்டையை வைத்தால் வெண்ணெய்தான்.

பிரச்சினை கத்தியில் இல்லை. அதன்மேல் அவருக்கு வந்த பாசத்தில் இருந்தது. டேப்பை அறுத்தால் பசை ஒட்டிக்கொள்ளும் என்று அதற்குக் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கட்டரை எடுத்தார். கம்பிக் கட்டு என்றால் பக்கத்து மேஜையில் இரவல் வாங்கினார். வியர்வை பட்டால் துரு ஏறும் என்று வெல்வெட் துணியில் தன் கையாலேயே ஒரு சுருக்குப் பை தைத்தார். கொஞ்ச நாளில் அந்தக் கத்திக்கு மிஞ்சிய ஒரே வேலை, சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் பார்க்க விரிந்து மடங்குவதுதான்.

அவருக்கு அதிகம் இளப்பமாகப் பட்டது டேப்பக்காவின் கத்தி. டேப்பக்கா எதிர் மேஜையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறவள், ஐம்பதைத் தாண்டியவள். சந்தையில் வாங்கிய அவளுடைய கத்தியின் பிடி உடைந்துபோய், அதற்கும் டேப்பையே சுற்றி வைத்திருந்தாள்.

"அக்கா, இது கத்தியா, தகர டப்பா மூடியா?" என்பார்.

"மூடியோ கத்தியோ, எனக்கு வேலை நடக்குது தம்பி" என்று அவள் தலை நிமிராமல் பதில் சொல்வாள்.

அதே கிடங்கில்தான் அவர் மைத்துனனும் வேலை பார்த்தான். மனைவியின் ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டிலேயே வளர்ந்தவன். முப்பது வயதாகியும் அவர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காரமாட்டான். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்கும் நேரம். மைத்துனன் பெல்ட்டில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டியில் பாதி அறுந்து தொங்கிய நைலான் பட்டை அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அதன் மறுநுனி பெல்ட் திரும்பும் இடத்தில் இருந்த உருளைக்குள் போய்விட்டது. உருளை சுற்றச் சுற்றப் பட்டை உள்ளே போனது. பட்டையோடு கையும் போனது.

"மாமா! அறுங்க மாமா!"

நிறுத்தும் பொத்தான் இருபது அடி தள்ளி, மறுகோடியில். அவரோ இரண்டு எட்டு தூரத்தில். பாய்ந்து போனார். சுருக்குப் பையை எடுத்தார், கயிற்றை அவிழ்த்தார், கத்தியை விரித்தார். பட்டையில் வைக்கக் குனிந்தபோதுதான் அதற்கு அடியில் இருந்த இரும்பு உருளை கண்ணில் பட்டது. இறுகி இரும்போடு ஒட்டிக் கிடக்கிறது பட்டை. அழுத்தி அறுத்தால் கூர் நேராக இரும்பில் போய் விழும்.

அந்த நினைப்பு வந்தது. கை நின்றது.

"சுவிட்சை நிறுத்துங்கடா!" என்று கத்தினார்.

மிஞ்சிப்போனால் இரண்டு மூச்சு விடும் நேரம். அதற்குள் டேப்பக்கா மேஜையைச் சுற்றி வராமல் அதன்மேலேயே ஏறிக் குதித்து வந்தாள். அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு டேப் சுற்றிய கத்தியைப் பட்டையில் வைத்து ஒரே இழுப்பு. பட்டை அறுந்தது. அலகும் இரும்பில் பட்டு முறிந்து எங்கோ தெறித்தது. கை வெளியே வந்தது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கியிருந்தன.

ஆஸ்பத்திரியில் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மோதிர விரலைத் தைத்தார்கள். அது இனி முழுசாக மடங்காது. இரண்டு மூச்சு முன்னால் அறுத்திருந்தால் விரல் பிழைத்திருக்குமா என்று டாக்டரைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வராந்தா பெஞ்சில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்துவிட்டு வந்த மனைவி, சுற்றி ஆட்கள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தம்பி சொன்னான். நீங்கதான் அறுத்து விட்டீங்களாம். அந்தக் கத்திக்காக உங்கள நான் என்னவெல்லாம் பேசினேன். அதுதான் இன்னைக்கு அவன் கையைக் காப்பாத்திருக்கு."

அவர் வாயைத் திறந்தார். 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு "நல்ல பொருளுக்கு விலை கொடுக்கலாம், தப்பே இல்ல" என்றாள். அவர் எச்சிலை விழுங்கினார். சொல்லும் அதோடு உள்ளே போய்விட்டது.

அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் சொல்ல முடியவில்லை. மனைவி கத்தியைத் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தாள். வந்தவர் போனவரிடமெல்லாம் எடுத்துக் காட்டினாள். மகள் பள்ளிக்கூடத்தில் கதையாகவே சொல்லிவிட்டு வந்து, "எங்க மிஸ் உங்கள ஹீரோன்னு சொன்னாங்கப்பா" என்றாள். மாடி வீட்டுக்காரர் அதே மாதிரிக் கத்தி ஒன்று வாங்க வேண்டும், கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். அவருக்குக் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்யக்கூட உடம்பு கூசியது.

கிடங்கில் உண்மை எல்லோருக்கும் தெரியும், அறுத்தது டேப்பக்காதான் என்று. ஆனால் அவர் ஏன் நின்றார் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது. டேப்பக்கா கத்திரிக்கோலை வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தேநீர் இடைவேளையில் அவள் மேஜை முன்னால் போய் நின்றார்.

"அக்கா, உங்க கத்தி என்னாலதான் போச்சு."

"போனா போகுது தம்பி. நீங்க பயந்துட்டீங்க. சொந்தக்காரன் கை உள்ள போறதைப் பார்த்தா யாருக்குத்தான் கை நடுங்காது?"

அவள் கொடுத்த அந்தச் சமாதானத்தை எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவரால் முடியவில்லை.

"பயம் இல்லக்கா. இரும்புல பட்டுக் கூர் போயிடுமேன்னு பார்த்தேன்."

டேப்பக்கா கிளாஸைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அவர் பையிலிருந்து கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அலமாரியிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்திருந்தார். "இதை நீங்க வச்சுக்கங்க."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்" என்று கையை இழுத்துக்கொண்டாள். "இதை வச்சுக்கிட்டா நானும் உங்கள மாதிரி யோசிக்க ஆரம்பிச்சிடுவேன். மனசு கேக்கலைன்னா சந்தையில பழைய மாதிரியே ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஆனா இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? விரல் போனது எனக்கா?"

கத்தி வந்த வழியே அலமாரிக்குத் திரும்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனன் கூடத்தில் உட்கார்ந்து இடது கையால் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தான். மனைவி துணி காயப் போட மாடிக்குப் போயிருந்தாள். அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவன் கையில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அறுத்தது நான் இல்ல."

"தெரியும் மாமா."

"டேப்பக்காதான்..."

"தெரியும். நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்." அவன் பேப்பரை மடித்தான். "நீங்க கத்தியை விரிச்சதைப் பார்த்தேன். உருளையைப் பார்த்ததைப் பார்த்தேன். கத்தியைப் பார்த்ததையும் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டா உங்க அக்காகிட்ட அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்றது? அவ உங்களோட காலம் தள்ளணும் இல்ல?"

அவன் குரலில் கோபமே இல்லை. தான் வளர்த்த பையன் தன் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறான், அதுவும் விரல் போன அரைமணி நேரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. குனிந்த தலை நிமிர்ந்தபோது வாசலில் காலி வாளியோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

அவள் வாளியைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தாள். அப்புறம் நான்கு நாள் அவரோடு பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் 'ணங்' என்று வரும். மகளிடம் அவரேதான் உண்மையைச் சொன்னார். அவள் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மிஸ்ஸிடம் என்ன சொன்னாளோ, அவர் கேட்கவில்லை.

சந்தைக் கத்தி ஒன்றை வாங்கி டேப்பக்காவிடம் கொடுத்தார். அவள் அதற்கும் முதல் வேலையாகப் பிடியில் டேப் சுற்றினாள். மைத்துனனை ரசீது எழுதும் மேஜைக்கு மாற்றினார்கள். பேனா பிடிக்கப் பழகிக்கொண்டான். இப்போதும் "மாமா" என்றுதான் கூப்பிடுகிறான், இப்போதும் அவர் வந்தால் எழுந்து நிற்கிறான். ஒவ்வொரு தடவையும் அவருக்கு 'உட்காருடா' என்று கெஞ்ச வேண்டும்போல் இருக்கும்.

மனைவி பேச்சை நிறுத்திய ஐந்தாம் நாள் காலை சமையலறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். மனைவி பலகையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், அரை மாதச் சம்பளக் கத்தியால். பக்கத்தில் உருளைக்கிழங்குத் தோல் குவிந்திருந்தது. கருப்புப் பிடியில் மஞ்சள் கறை.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"நல்லாத்தான் அறுக்குது."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.