எதிரே வந்த ட்ரோன்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ட்ரோன் வைத்து மருந்து தெளிக்கும் பெண் விண்ணரசி ஒருத்திதான். முப்பத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட்டாலும் விடுவாள், ஒரு வரப்பைத் தவறவிட மாட்டாள் என்று ஊரே கேலி பேசும். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

ட்ரோனில் இருக்கும் கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்துத்தான் ஓட்டுவாள். படம் சற்றுத் தாமதமாகத்தான் வரும். ஆனால் அடுத்து என்ன தெரியப்போகிறது என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடும். படம் வருவதற்குள் விரல் நகர்ந்திருக்கும். திரையில் இடது எப்போதும் இடதுதான். வெறுங்கண்ணால் பார்த்தால் கதை வேறு. ட்ரோன் நம்மை நோக்கி வரும்போது அதன் இடது நமக்கு வலது. அதற்கு மூளை வேறு கணக்குப் போட வேண்டும். இரண்டும் தனக்கு அத்துப்படி என்றுதான் நினைத்திருந்தாள்.

மாசி மாதம், பிரபுவின் கோடை நெல்லுக்குக் களைக்கொல்லி தெளித்தாள். பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்து வள்ளியம்மை உளுந்து போட்டிருந்தாள். புருஷன் போனபின் அந்த வெள்ளாமைதான் அவளுக்கு எல்லாம். நெல்லை ஒன்றும் செய்யாத அந்த மருந்து உளுந்தைக் கருக்கிவிடும். ட்ரோன் திரும்பி வரும்போது திரையில் வெயில் அடித்து எதுவும் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அது வலப்பக்கம், உளுந்தை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தது. கை திரைப் பழக்கத்திலேயே இடப்பக்கம் தள்ளியது. ட்ரோன் இன்னும் வலப்பக்கம் போனது. மூளை எதிர்பார்த்தது ஒன்று, கண் கண்டது ஒன்று. பதறி இன்னும் அழுத்தினாள். மூன்று நொடிதான். மருந்து உளுந்தின் மேல் பொழிந்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போயிருக்கவே கூடாது.

நாலாம் நாள் வள்ளியம்மை போன் செய்தாள்.

"உளுந்துல ஏதோ சீக்கு விழுந்திருக்கும்மா. கொழுந்தெல்லாம் சுருண்டு கெடக்கு. நீதான் மருந்தெல்லாம் தெரிஞ்ச பொண்ணு, வந்து பாரேன்."

விண்ணரசி போனாள். சுருண்ட கொழுந்து ஒன்றைக் கிள்ளிப் பார்த்தாள்.

"சீக்கு இல்லக்கா. நான் அடிச்ச களைக்கொல்லி தப்பி இங்க விழுந்துடுச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

வள்ளியம்மை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கை தப்புறது யாருக்கும் நடக்கிறதுதான். அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பிரபு மோட்டார்ல தண்ணி புடிச்சு இலையக் கழுவி விட்டிருப்பேனே. பாதியாவது பொழச்சிருக்கும்."

மூன்று நொடிக்குக் கையைக் குறை சொல்லலாம். நாலு நாள் வாய் திறக்காததற்கு எதைச் சொல்வதென்று விண்ணரசிக்குத் தெரியவில்லை.