‘எப்பலேருந்து?’ என்று கேட்ட ஆசாரியார்

சவரிமுத்து ஆசாரியார் இறந்துபோன செய்தியை என் அப்பாதான் கொண்டுவந்தார். சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டைச் சந்தையில் நிற்க வேண்டிய ஜீப் எங்கள் வீட்டு முன் வந்து நின்றது. அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "ஆசாரியாரு போயிட்டாரு. வெள்ளன எழுப்பப் போனா மூச்சு இல்லையாம். அம்மாகிட்டச் சொல்லு," என்றார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆசாரியாரின் கொல்லுப் பட்டறைப் பக்கம் போனார்.

ஆலங்குடியில் அவரை அறியாதவர்கள் குறைவு. ஆகவே அவருடைய கோபத்தை மறைத்து எழுதுவதில் பயனில்லை. வேலை எப்போது முடியும் என்று ஒருமுறை கேட்கலாம். இரண்டாம் முறை கேட்டவரிடம் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "எம் பட்டறையிலேருந்து தப்பு வெளிய போனதில்ல" என்று அவர் சொல்லாத நாளும் கிடையாது. எங்கள் கணக்கு ஆசிரியர் ஒருமுறை, "தப்பே பண்ண மாட்டாருங்கற போப்பாண்டவரே இவர்கிட்டப் பாடம் கேக்கணும் போல," என்று முணுமுணுத்ததை நானே கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் என் அப்பாவுக்குச் செய்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்பா ஒரு மீன் வியாபாரியிடம் டிரைவராக இருக்கிறார். விடிவதற்குள் கட்டுமாவடிக் கரையில் மீனை ஏற்றி, சந்தை கூடுவதற்குள் புதுக்கோட்டையில் இறக்க வேண்டும். வண்டி உலகச் சண்டைக் காலத்துப் பழைய ஜீப். கரை மணலிலும் உப்புத் தண்ணீரிலும் அதன் அடிவயிறு தட்டிக்கொண்டே இருந்ததால், முதலாளி முன்பு ஒருமுறை அதை ஆசாரியாரிடம் விட்டு உயர்த்தச் சொன்னார். அவர் ஸ்பிரிங்குகளுக்குக் கூடுதல் பட்டை போட்டு, அவற்றைத் தாங்கும் இரும்புகளையும் நீட்டி, வண்டியை நான்கு விரற்கடை தூக்கிக் கொடுத்தார். அந்த வேலை நடந்த மூன்று வாரமும் அப்பா விஷக்காய்ச்சலில் படுத்திருந்தார். அப்பா எழுந்ததும் ஜீப் பட்டறையிலிருந்து வந்ததும் ஒரே வாரம்.

அந்த வாரத்திலிருந்துதான் அப்பாவின் கை ஆடத் தொடங்கியது. மெதுவாகப் போகும்போது ஒன்றும் இல்லை. முப்பது மைல் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் போதும், ஸ்டியரிங்கும் கையும் தோளும் சேர்ந்து உதறும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். பக்கத்தில் உட்கார்ந்து வந்த முதலாளி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். "காய்ச்சல் ஒன் நரம்பத் தின்னுருச்சு கருப்பையா. அடுத்த மாசம் காரைக்குடியிலேருந்து ஒரு ஆளு வாரான். நீ கிட்டங்கியில இருந்து கூடை எண்ணு," என்றார்.

அப்பா மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவரே அதை நம்பிவிட்டார். காலையில் எழுந்ததும் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு சொட்டும் சிந்தாது. ஆனாலும் மறுநாள் மறுபடியும் ஊற்றுவார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பள்ளிக்கூடம் போகும் வழியில்தான் பட்டறை. ஒருநாள் ஆசாரியார் என்னைக் கூப்பிட்டார். "என்ன புள்ள, ஒங்கப்பன் இங்கிட்டு எட்டியே பாக்கல? வண்டி ஒசந்துட்டா ஆளும் ஒசந்துட்டானா?"

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, வேலை போகப் போகிறது என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

"எப்பலேருந்து?"

"காய்ச்சல் விட்டதுலேருந்து."

"வீட்டுல சோறு திங்கயில ஆடுதா?"

"இல்லைங்க. டம்ளர்ல தண்ணி ஊத்திப் பிடிச்சாக்கூடச் சிந்தல."

"அப்ப அவன் கை வண்டிக்குள்ள மட்டும் ஆடுது. அது எந்த ஊருக் காய்ச்சல்?" என்றவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "பள்ளிக்கூடத்துக்குப் போ. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாரேன்னு சொல்லு."

சொன்னபடி வந்தார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நானும், மீன் கூடைகளை அடுக்கும் கிட்டங்கி வாசலில் நின்றேன். ஆசாரியார் அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. முதலாளியைத்தான் ஓட்டச் சொன்னார். முதலாளிக்கு ஓட்டத் தெரியும். ஆனால் கடைவீதியைத் தாண்டி ஓட்டியதில்லை. இருவரும் அறந்தாங்கி ரோட்டில் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். முதலாளியின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. தலைப்பாகையைக் காணோம். இறங்கியவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் முதலாளி," என்றார் ஆசாரியார், "ஒங்களுக்கும் காய்ச்சலுங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கோளாறு வண்டியில்தான் என்று தெரிந்துவிட்டது. அது எங்கே என்று தெரியவில்லை. ஆசாரியார் முதலில் டயர்களின் காற்றைப் பார்த்தார். சக்கரத்து நட்டுகளைப் பார்த்தார். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பேரிங்குகளைப் பார்த்தார். அப்பாவை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லி, இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனைகளில் விரலை வைத்துப் பார்த்தார். எதிலும் ஆட்டம் இல்லை. பிறகு வண்டிக்கு அடியில் படுத்தார். வெகுநேரம் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

வெளியே வந்தவர், கிட்டங்கிக் கணக்குப்பிள்ளையின் சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னார். ஹேண்டிலைத் தொடாமல் சீட்டை மட்டும் பிடித்து முன்னால் தள்ளினார். சைக்கிள் நேராகப் போனது. அதே சீட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முன் சக்கரம் வெடுக்கென்று திரும்பிச் சைக்கிள் சாய்ந்தது.

"பாத்தீங்களா? ஹேண்டிலு தண்டோட தலை நம்ம பக்கம் சாஞ்சிருக்கு. அதுனாலதான் முன்னால போகயில சக்கரம் தானா நேரா வருது. ஜீப்புச் சக்கரம் திரும்புற கம்பியும் அப்படித்தான் பின்னால சாஞ்சிருக்கணும். வண்டியத் தூக்கினா அந்தச் சாய்மானம் போயிரும். அதுக்குத்தான் அச்சுக்கு அடியில ஆப்பு வைக்கிறது. நானும் வச்சேன். ஆனா தலைகீழா வச்சுட்டேன்."

அவரே தொடர்ந்தார். "முப்பது வருசமா மாட்டு வண்டிக்கு ஆப்பு அடிச்ச கை. மெல்லிசு முனை மாட்டுப் பக்கம் இருந்தா, மாடு இழுக்க இழுக்க இறுகும். அதே பழக்கத்துல இதுக்கும் மெல்லிசு முனைய முன்னால வச்சேன். இதுக்குத் தடிச்ச பக்கம் முன்னால வரணும். கருப்பையா கையில ஒன்னும் இல்ல. என் கையிலதான் கோளாறு."

"ஒம் பட்டறையிலேருந்து தப்பே வெளிய போகாதுன்ன?" என்றார் முதலாளி.

"போயிருச்சே. இப்ப திரும்பி வந்துருச்சு. ஜாக்கியப் போடச் சொல்லுங்க."

வீட்டுக்கு நடக்கும்போது இதை நான் யோசித்தேன். ஏதோ ஒரு நட்டு தளர்ந்திருந்தது என்று சொல்லிவிட்டு, ஆப்பை மாற்றி வைத்துவிட்டு அவர் போயிருக்கலாம். வண்டிக்கு அடியில் அவர் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. அப்பாவின் வேலையும் தப்பியிருக்கும். அவருடைய பெயரும் தப்பியிருக்கும். ஆனால் ஒரு நட்டா இவ்வளவு ஆட்டியது என்று அப்பாவின் மனத்தில் அரைச் சந்தேகம் தங்கியிருக்கும்.

அன்று பிற்பகலே ஆப்புகளைத் திருப்பி வைத்தார்கள். இந்தத் தடவை அப்பா ஓட்ட, ஆசாரியார் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே ரோடு, அதே பள்ளம். ஸ்டியரிங் ஒருமுறை உதைத்துவிட்டு அடங்கிவிட்டதாம். அப்பா வீட்டுக்கு வந்து, இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டு, விளக்கு வைக்கும் வரை தூங்கினார். மறுநாள் டம்ளரில் தண்ணீர் பிடித்தார், குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அதற்குப் பிறகும் ஆசாரியார் கோபக்காரராகவே இருந்தார். வழக்கமான வாசகம் மட்டும் சற்று மாறியது. "எம் பட்டறையிலேருந்து ஒரே ஒரு தப்புதான் வெளிய போயிருக்கு," என்பார். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

அதே சனிக்கிழமை மாலை அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியின் முன்பக்கத்தை அப்பா தூக்கினார். வீடு திரும்பிக் குளித்த பிறகு அம்மா காப்பி கொடுத்தாள். அப்பாவின் கையில் டம்ளர் ஆடி, காப்பி வேட்டியில் சிந்தியது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் ஒரு கணம் பழைய பயம் வந்தது. பிறகு கேட்டேன்.

"எப்பலேருந்துப்பா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "காலையில சேதி கேட்டதுலேருந்து."

"அப்ப இது காய்ச்சல் இல்ல."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கையை மறைத்துக்கொள்ளவில்லை. அம்மா டம்ளரை வாங்கி மறுபடியும் நிரப்பிக் கொடுத்தாள்.

சவரிமுத்து ஆசாரியார் கொடுத்த பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. அந்தக் கேள்வி இருக்கிறது. இப்போதெல்லாம் பயப்படுவதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடுகிறேன்.