கனகசிங்கத்துக்கு விழாத பெருவிரல்

ஓட்டமாவடியில் ஓர் அரிசி ஆலையில் இருபத்தாறு வருடமாக நெல் அவிக்கும் கனகசிங்கத்துக்கு வாழ்க்கையில் இரண்டே பயங்கள். ஒன்று, பொயிலர் வெடிப்பது. மற்றது, யாராவது அவரைப் புகழ்வது. பொயிலர் ஒருதரமும் வெடித்ததில்லை. ஆகவே யாரும் வாய்விட்டுப் புகழ்ந்து கண்ணேறு, நாவூறு படுத்தாததுதான் அதற்குக் காரணம் என்று நம்பினார்.

பிறந்தது தேற்றாத்தீவு. கலியாணம் முடித்துக் கிரானில் பெண் வீட்டோடு தங்கிவிட்டார். நெல் பதமாக அவிந்ததை அவர் மணிக்கூட்டைப் பார்த்து அறிவதில்லை; நெல் அவியும் தாங்கியின் சத்தத்தைக் கேட்டுச் சொல்வார். நெல் வாய் திறக்கும் நேரம் ஆவியின் இரைச்சல் ஒரு சொட்டுத் தணியுமாம். அவர் லீவெடுத்த நாளில் அவித்த நெல்லெல்லாம் குருணையாகத்தான் வெளியே வரும்.

ஆலையைப் புதிதாகப் பொறுப்பெடுத்தவள் முதலாளியின் மகள் ஸில்மியா. கொழும்பில் முகாமைத்துவம் படித்தவள். ஊழியரின் அறிவு பின்னேரம் ஊழியரோடு வீட்டுக்குப் போய்விடுகிறதே என்று கவலைப்பட்டு, வட்ஸ்அப்பில் 'அறிவூற்று' என்றொரு குழு தொடங்கினாள். கிழமைக்கொரு புது யோசனை போட வேண்டும். பிடித்தவர்கள் பெருவிரலை அமர்த்த வேண்டும். மாதக் கடைசியில் ஆகக் கூடிய விரல் வாங்கியவருக்கு ரைஸ் குக்கர். ஆகக் குறைந்தவருக்கு வாசல் காவல்.

கனகசிங்கத்துக்கு எழுத்து ஓடாது. நெல் வாய் திறக்கும் நேரம் பார்த்துப் போனைத் தாங்கியருகே பிடித்து, நாற்பது வினாடி இரைச்சலைப் பதிந்து போட்டார். கீழே ஒரே வசனம்: "இந்தச் சத்தம் வந்தா ஆவிய நிப்பாட்டுங்க." அடுத்த கிழமைகளிலும் அதையே திருப்பித் திருப்பிப் போட்டார்.

ஆலையே அதைக் கேட்டது. மூட்டை தைக்கும் பெண்கள் கேட்டார்கள். கிளார்க் பஸ்ஸில் கேட்டார். கனகசிங்கம் ஒரு செத்த வீட்டுக்குப் போன நாளில், சரித்திரத்தில் முதன்முறையாக அவரில்லாமலே அரிசி முழுசாக வந்தது.

ஒருவரும் விரல் அமர்த்தவில்லை.

ஆலையே 'காக்கா' என்று அண்ணன் முறை சொல்லும் லொறிக்காரர் அசனார், லொறியைப் பின்பக்கமாகவே ஓட்டிவந்தால் ஆலை வளவில் திருப்பும் நேரம் மிச்சம் என்று எழுதினார். இருபத்துமூன்று விரல்.

பொறுக்கமாட்டாமல் கனகசிங்கம், மூட்டை தைக்கும் பிரஷாந்தியிடம் போனார்.

"என்ன பிள்ள, என்ர சத்தம் கூடாதா?"

"ஆரு சொன்ன? பொன்னான சத்தம் அண்ணன். அதுக்குப் போய் விரலப் போட்டு நாவூறு படுத்தச் சொல்றயளா? நீங்க பொயிலருக்குப் பக்கத்துல நிக்கிற மனிசன்!"

"அப்ப அசனார் காக்காட லொறி?"

"அதுல நாவூறு பட என்ன கிடக்கு?"

கனகசிங்கமே அசனாருக்கு விரல் போட்டிருந்தார். ஆலை அவர்மேல் வைத்திருந்த அன்பு முழுவதும் திரண்டு ஒரு பூச்சியமாக நின்றது. அந்தப் பூச்சியம் அவரைப் பொயிலரிலிருந்து வாசலுக்குத் தள்ளப்போகிறது.

மாதக் கடைசிக் கூட்டத்தில் ஸில்மியா சுவரில் வரைபடம் ஒட்டிக் காட்டினாள். அசனாரின் கம்பம் கூரையைத் தொட்டது. கனகசிங்கத்துக்குக் கம்பமே இல்லை.

"எனக்கும் கவலதான் அண்ணன். ஆனா தரவு பொய் சொல்லாது. நாளைக்கு இருந்து வாசல்."

"சரி மகள். சத்தத்த நீங்க கேட்டயளா?"

"பத்துத் தரம்."

"எப்பிடி?"

"நல்லம் அண்ணன். இந்த ஆலையில இதுவரைக்கும் ஒருத்தரும்..."

"அப்ப நீங்க ஏன் விரல் அமத்தல்ல?"

ஸில்மியா நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"வாப்பாட பொயிலர் அண்ணன். ஒண்டு கிடக்க ஒண்டு ஆகிட்டா?"

படித்தவள் அல்லவா, உடனே திருத்திக்கொண்டாள். வரைபடத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தாள். ரைஸ் குக்கர் கனகசிங்கத்துக்குப் போனது, பொயிலரும் அவருக்கே.

அசனார் எழும்பினார். "அப்ப எனக்குப் போட்ட இருபத்துமூண்டும் என்னகா?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் நெல் அவிந்துகொண்டிருக்கையில் கனகசிங்கத்தின் போன் கீச்சிட்டது. அவருடைய சத்தத்துக்கு ஒரு பெருவிரல். போட்டவர் அசனார்.

கனகசிங்கம் ஓடினார். குசினியிலிருந்து உப்பும் செத்தல் மிளகாயும் அள்ளிவந்து, பொயிலரை மூன்றுதரம் சுற்றி, உமி நெருப்பில் எறிந்தார். நாவூறு பட்டிருந்தால் மிளகாய் கமறாது; பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஆலை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

முதலில் தும்மியவள் ஸில்மியா. அடுத்தது பிரஷாந்தி. பிறகு ஆலையே இருமியது. பின்பக்கமாக லொறியில் வந்து இறங்கிய அசனார் ஆகக் கூட இருமினார்.

கண்ணில் நீர் வழியக் கனகசிங்கம் தாங்கிப் பக்கம் காதைத் திருப்பினார்.

"மெள்ள இருமுங்க மக்காள்! நெல்லு வாய் திறக்கிறது கேக்குதில்ல!"