முடி கேட்டு வந்த பெண்

மீன் கேட்டு வாசலில் வந்து நிற்பவர்களை எனக்குத் தெரியும். ஆற்றுக்கு வழி கேட்டு நிற்பவர்களையும் தெரியும். முடி கேட்டு ஒரு பெண் வந்து நின்றது அந்த ஒரு தடவைதான். வாழ்க்கையில் நான் பயந்ததை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினால், அவள் வந்த பிறகு பயந்ததே சாக்கில் முக்கால்வாசி இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். சீவலப்பேரியில் ஆற்றில் வீச்சு வலை போட்டு மீன் பிடிப்பது என் பிழைப்பு. படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். எனக்கும் மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்கும் ஒத்துவரவில்லை. யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும் என்று ஆனது. அவருக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் நான் போய்விட்டேன்.

என் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். கல்யாணமாகி ரொம்பக் காலம் கழித்து, ஒன்று தங்காமல் போய், அதற்கப்புறம் நின்ற பிள்ளை. எங்கள் பக்கம் பெண்டாட்டி உண்டாகியிருந்தால் புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் பண்ணக்கூடாது. பிள்ளை பிறக்கிற வரைக்கும் அப்படியே விட்டுவிட வேண்டும். மற்றவர்கள் தாடி விட்டால் சாமிக்கு மாலை போட்ட மாதிரி இருக்கும். நான் விட்டதைப் பார்த்து, மலையிலிருந்து கரடி ஒன்று இறங்கி வந்து வலை வீசுகிறது என்று கரையில் குளிக்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பெண் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் பை, கையில் தெர்மாக்கோல் பெட்டி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். ஆற்றுத் தண்ணீரிலும் மீனிலும் கெட்ட உலோகம் ஏதாவது கலந்திருக்கிறதா, அந்த மீனைத் தின்கிறவர்கள் உடம்பில் அது ஏறுகிறதா என்று பார்க்கிறாளாம். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தாள். என்னிடம் இருந்த கெண்டையை வாங்கிப் பெட்டிக்குள் ஐஸில் வைத்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள், பசித்தவன் பந்தியைப் பார்ப்பது மாதிரி.

"அண்ணாச்சி, உங்க முடி கொஞ்சம் வேணும்."

"எவ்வளவு வேணும் தாயி? மூடை கணக்குல இருக்கு."

"பிடரியில ஒரு பென்சில் கனத்துக்குப் போதும். உடம்புல இருக்கது முடியிலயும் ஏறும். வெட்டாத முடின்னா ரொம்ப நல்லது. நுனி பழைய மாசம், வேர்ப்பக்கம் புது மாசம். எந்த மாசத்துல என்ன ஏறுச்சுன்னு பிரிச்சுப் பாக்கலாம்."

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், பக்கத்தில் உட்கார்ந்து வலையை உதறிக்கொண்டிருந்தார். அவரும் இதே தொழில்தான். முன்பல் இரண்டும் இல்லாத மனிதர். "எனக்கு வெட்டிக்கோ தாயி. மாப்ளைக்கு வேண்டாம். வீட்டுல பிள்ளத்தாச்சி இருக்கா. லேய், தலையக் குடுத்துராத" என்றார்.

அவருக்கு வெட்டினாள். நானும் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருக்கிற ஒன்றைப் பல்கலைக்கழகம் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைக்கு உள்ளே இருப்பதை யாரும் கேட்கப் போவதில்லை, வெளியே இருப்பதையாவது கொடுப்போமே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் பிடரியைத்தான் முதலில் பார்த்தாள். மச்சான் எனக்கு முந்தியே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"யாரக் கேட்டுக் குடுத்திய? வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு நான் இங்கன இருக்கேன். நீங்க ஊரு பேரு தெரியாதவ கையில முடிய அறுத்துக் குடுத்துட்டு வாரிய. மந்திரிச்சு வச்சிட்டான்னா?"

"படிச்ச பிள்ளைட்டி அது. எதுக்கு மந்திரிக்கப் போவுது?"

"படிச்சவளுக்கு மந்திரம் மட்டும் படிக்கத் தெரியாதாக்கும்?"

தெரிந்திருக்கலாம். படித்தவர்களை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

மாசியில் அந்தப் பெண் திரும்பி வந்தாள். நானும் மச்சானும் கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். போன தடவை சிரித்த முகம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. முடியை நன்றாகக் கழுவி, துண்டு துண்டாக வெட்டி, அமிலத்தில் கரைத்து, அதைத் தீயில் தெளித்துப் பார்த்தார்களாம். தீக்குள் போனால் எந்த உலோகம் எவ்வளவு என்று மெஷினில் தெரிந்துவிடுமாம். என் முடிக்குக் கொள்ளி வைத்துவிட்டு அதைச் சொல்லவும் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"மீன்ல பயப்படுத அளவுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. உங்க மச்சான் முடியிலயும் இல்ல. உங்க முடியிலதான் ஈயம் இருக்கு. ரொம்ப இருக்கு."

"ரொம்பன்னா?"

"நான் இதுவரைக்கும் பாத்த முடி எல்லாத்தையும் விட."

"அப்பம் நான்தான் முதல் மார்க்கா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மச்சானும் சிரிக்கவில்லை. எனக்கே அப்போதுதான் என் வயிற்று வலி ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகவே அடிவயிற்றில் முறுக்கிப் பிடிக்கும் ஒரு வலி இருந்தது. மனைவி வைக்கிற புளிக்குழம்பின் மேல் பழியைப் போட்டு வைத்திருந்தேன்.

வாயைத் திறக்கச் சொன்னாள். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தாள். பல்லுக்கு மேலே ஈறில் நீலமாக ஒரு கோடு ஓடுகிறதாம். கறுப்பு மை போட்ட பெண்ணைப் பார்த்திருக்கிறேன், கண்ணில் போடுவார்கள். எனக்கு ஈறில் போட்டிருக்கிறது.

"நுனிப்பக்கம் கம்மியாத்தான் இருக்கு. வேர்ப்பக்கம் வர வரக் கூடுது. ஐப்பசி கார்த்திகையில இருந்துன்னு வச்சிக்கிடலாம். அப்பம் புதுசா என்ன செஞ்சிய?"

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே அந்த நிமிஷம் தெரியவில்லை. "சரி, நீங்க எப்பமும் வலை போடுத மாதிரி ஒருக்கா போட்டுக் காட்டுங்க" என்றாள்.

தண்ணீரில் இறங்கினேன். கயிற்றைக் கையில் சுற்றி, வலையில் பாதியைத் தோளில் போட்டு, மீதியைக் கையில் பிரித்துப் பிடித்து, விளிம்பை எப்போதும் போலப் பல்லில் கடித்தேன். வலை விளிம்பு முழுக்க ஈயக்குண்டு கோத்திருக்கும். அந்தப் பாரத்தில்தான் வலை தட்டு மாதிரி விரிந்து விழுந்து அடியில் போய்ப் படியும். பல்லால் விட்டால்தான் எனக்கு வட்டம் சரியாக வரும். மச்சானுக்குக் கடிக்கப் பல் இல்லாததால் முழங்கையில் போட்டு வீசுவார். "பொக்கை வாய்க்கு வட்டம் வராது" என்று அவரைக் கேலி பண்ணாத நாள் கிடையாது.

வலை போய் அழகாக விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் வலையைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈயத்தைக் கடிக்கியளா அண்ணாச்சி?"

"கடிக்காம? கயித்துல குண்டைக் கோத்து நெரிக்கதும் பல்லாலதான். குறடு எதுக்கு? ஆண்டவன் வாயிலயே வச்சிருக்கான்."

"இந்தக் குண்டு எங்கன வாங்குனது?"

"வாங்கல. புது வலைக்கு நானே ஊத்துனது. டவுனுல பழைய பேட்டரித் தட்டு கிடைக்கும், அதை உருக்கி..."

"எங்கன வச்சு உருக்குனிய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐப்பசி மழை. முற்றத்தில் முழங்கால் தண்ணீர். பிள்ளை வருவதற்குள் புது வலையை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். வீட்டுக்குள் சோறு பொங்குகிற மண் அடுப்பில், இரும்புக் கரண்டியில் வைத்து உருக்கினேன். குளிருக்கு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. "நாத்தம் கொமட்டுது" என்றாள். "மசக்கையில உனக்கு எதுதான் கொமட்டல?" என்றேன். அவளும் சிரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"தாய் மூச்சுல போனா, பிள்ளைக்கும் போவுமா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் ஆற்றைப் பார்த்தாள்.

"போகும் அண்ணாச்சி."

"போனா?"

"எவ்வளவு போயிருக்குன்னு தெரியாம ஒண்ணும் சொல்லக்கூடாது. கூடுதலாப் போனா மூளை வளர்ச்சியத் தாக்கும். பேச்சு பிந்தும். படிப்பு ஏறாது."

"படிப்பு எனக்கே ஏறல, நான் எந்த ஈயத்தைத் தின்னேன்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. என் வாய் என்னைக் கைவிட்டது அன்றைக்குத்தான்.

மனைவியிடம் நான் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் இல்லாமல் மச்சானைச் சொல்லச் சொல்லிவிட்டு வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே கொஞ்ச நேரத்தில் தொம் தொம் என்று கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒருத்தியாக நின்று உலக்கையால் அடுப்பை இடித்துக்கொண்டிருக்கிறாள். நான் உலக்கையை வாங்கி மிச்சத்தை இடித்தேன். அந்த மண்ணை ஆற்றுக்கும் கிணற்றுக்கும் எட்டாத இடமாகப் பார்த்து மச்சான் குழி தோண்டி மூடினார். கரண்டியும் அதோடு போனது. புது வலையை மச்சான் எடுத்துக்கொண்டார். "எனக்குத்தான் பல்லு இல்லையே. நான் முழங்கையில போடுதேன்" என்றார். அதற்கப்புறம் அவரை நான் கேலி செய்யவில்லை.

டவுனில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தில் ஈயம் பார்க்கிற வசதி இங்கே இல்லை என்றார் டாக்டரம்மா. பால், முட்டை, கீரை, சத்து மாத்திரை, இனிமேல் ஈயம் இருக்கிற பக்கமே போகக்கூடாது. அவ்வளவுதான். பயத்துக்கு மாத்திரை கேட்டேன். எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் போய், என் மனைவி முடியைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். கத்தரிக்கோலோடு வந்தாள். மனைவி அதைப் பார்த்ததும் கொண்டையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வெட்ட விடமாட்டேன். ஒருத்தரு வெட்டிக் குடுத்து வந்தது போதும்."

"வெட்டுனதால வரல அக்கா. வெட்டுனதாலதான் தெரிஞ்சுது."

மனைவி எழுந்து சுவர்ப் பொந்துக்குள் கையை விட்டு ஒரு முடிச் சுருளை எடுத்தாள். சீப்பில் வருகிற முடியைச் சுருட்டிச் சுருட்டி அங்கே வைப்பாள். சிக்கு முடிக்கு ஊசியும் பாசியும் கொடுக்கிறவள் வந்தால் மாற்றிக்கொள்வதற்கு.

"இது தானா உதிர்ந்தது. இதுக்கு சாமி ஒண்ணும் சொல்லாது. மாசம் மாசமாப் பிரிக்க முடியாது, என்ன?"

"பிரிக்க முடியாது. இருக்கா இல்லையான்னு சொல்லலாம் அக்கா."

பங்குனி முழுக்க அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தோம். டவுன் பஸ் ஹாரன் சத்தம் கேட்டால் ஆற்றில் நின்றாலும் திரும்பிப் பார்ப்பேன். மீன் தப்பித்துப் போகும். ஒரு நாள் அவள் வந்தாள். மனைவி முடியில் ஈயம் இருக்கிறது, என் முடியில் இருப்பதைவிட ரொம்பக் குறைவு, ஆனாலும் இருக்க வேண்டியதை விடக் கூடுதல். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று கேட்டேன். "தெரியல அண்ணாச்சி" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக முதலில் கோபப்பட்டேன். பிறகு வேறு யார் சொன்னதையும் நம்பாமல் அவள் சொன்னதை மட்டும் நம்பினேன்.

வைகாசியில் மகன் பிறந்தான். என் தாடி போனது. ஊரே என்னை அடையாளம் கண்டுகொண்டது. என் பயம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. சுற்றி வைத்த பழைய சேலையை விலக்கி மகன் கை கால் விரல்களைப் பார்ப்பேன். செவியோரம் டம்ளரைத் தட்டுவேன். திடுக்கிட்டு அழுவான், எனக்கு உயிர் வரும். "பிள்ளைய ஏன் அழ வைக்கிய?" என்று மனைவி வைவாள். அழுதால்தான் எனக்கு நிம்மதி என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் சாஸ்தா கோயிலில் மொட்டை போட நாள் குறித்தோம். வயிற்றுக்குள் இருக்கும்போது முளைத்த முடி அது. முதல் முடியை ஆற்றில் விடுவதுதான் வழக்கம். சேதி தெரிந்தும் அந்தப் பெண் அந்த முடியைக் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குப் புரிந்தது. உள்ளே என்ன நடந்தது என்று அந்த முடிக்குத் தெரியும்.

மொட்டை முடிந்ததும் நான் முடியை இலையில் வாரிக்கொண்டு ஆற்றுக்கு விறுவிறு என்று நடந்தேன். எனக்குத் தெரிய வேண்டாம். தெரிந்து என்ன செய்யப் போகிறேன்? மனைவி பின்னாலேயே வந்து கையைப் பிடித்துவிட்டாள்.

"நில்லுங்க. பாதிய விடுங்க. பாதியக் கொண்டாங்க."

"எதுக்குட்டி? கண்டவங்க கையில முடியக் குடுக்கக் கூடாதுன்னு நீதான சொன்னே?"

"கண்டவளா அவ? நம்ம வீட்டு அடுப்பு வரைக்கும் தெரிஞ்சவ. நீங்க பயந்து சாவுதியங்கிறதுக்காக எனக்குத் தெரியாம இருக்கணுமா?"

பாதியை ஆறு கொண்டுபோனது. பாதியைக் காகிதத்தில் மடித்து அவளே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பதிலை அந்தப் பெண் எங்கள் வாசலில் நின்றே சொன்னாள். "இருக்கு. தாய் முடியில இருந்ததை விடக் கம்மி. இனிமே ஏறாமப் பாத்துக்கிடுங்க. பிள்ளைய விடாமக் கவனிங்க. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல." மனைவி அவளுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். மூன்று பேரும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விடாமல் கவனித்தேன். கவிழ்ந்தான், தவழ்ந்தான், நடந்தான். பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அம்மா, அத்தை, காக்கா என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் இவன் என் வாயையே உற்றுப் பார்ப்பான்.  வாய் ஓயாமல் பேசுகிற அப்பனுக்கு வாய் திறக்காத பிள்ளையா?

ஒரு நாள் மத்தியானம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மச்சான் வாசலில் நின்று வழக்கம் போல "ஏலே மாப்ள, வாரியா?" என்று குரல் கொடுத்தார். வாய் நிறையச் சோறு இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. மகன் தட்டுத் தடுமாறி என் முன்னால் வந்து நின்று, என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, தெளிவாக, அதட்டலாகச் சொன்னான்:

"ஏலே!"

மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அய்யய்யோ, அப்பாவப் போயி..." என்றவள், அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது.

"அவன வையாதட்டி" என்றேன். எச்சில் கையோடு அவன் முன்னால் குனிந்து, காதைக் காட்டினேன்.

"எங்க, இன்னொருக்கா சொல்லுலே."