மூக்குக்காரர் செய்த உருளைக்கிழங்கு சாலட்

ஊரார் வீட்டு அடுப்படியில் மூக்கை நுழைப்பதற்கு மாதச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் என் வீட்டுக்காரர்தான். வீடுகளுக்குக் கேஸ் குழாய் போட்டுக் கொடுக்கிற கம்பெனியில் கசிவு பார்க்கும் வேலை அவருக்கு. குழாய் போட்டு முடித்த வீட்டுக்குள் போவார், அடுப்படியில் நிற்பார், கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுப்பார். அவர் "சரியா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பைப் பற்ற வைக்கலாம். கம்பெனியில் அவர் பெயரே மூக்குக்காரர். எங்கள் தெருவிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் எனக்கு அது கேலியாகப் பட்டது. போகப்போக, கோபம் வந்தால் "அந்த மூக்கைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்து உக்காருங்க" என்று நானே கத்துகிற அளவுக்குப் பழகிவிட்டது.

கத்தாமல் என்ன செய்வது? அந்த மூக்கோடு குடித்தனம் நடத்தினவளுக்குத்தான் கஷ்டம் தெரியும். பால் திரியப்போகிறது என்று திரிவதற்கு முன்பே சொல்வார். சரியாகக் காயாத சட்டையை மடித்து வைத்தால் அலமாரியைத் திறக்காமலே கண்டுபிடிப்பார். வேலை முடிந்து படியேறி வரும்போதே, "இன்னிக்கு முட்டைக்கோஸ். வெங்காயம் கொஞ்சம் கருகிடுச்சு" என்று கட்டடத்துக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வருவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். ஆனால் பிடிக்கும்.

உருளைக்கிழங்கு சாலட் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அந்த மூக்கால்தான். மேல் வீட்டில் ஒரு ஜெர்மன்காரி கொஞ்ச காலம் குடியிருந்தாள். பேக்கரிகளுக்குப் பெரிய அடுப்பு மாட்டிக் கொடுக்க வந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி முழுக்கக் காய்ச்சிய வினிகர் வாசனை. இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாயைப் பார்க்கிற சாக்கில் மேலே போனவர் ஒரு கிண்ணம் சாலட்டோடு இறங்கி வந்தார். அவள் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள், சாலட் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஞாயிறு மதியம் அடுப்படி அவருடையது. வெங்காயம் உரித்துக் கொடுக்க மட்டும் எனக்கு அனுமதி.

குழையாத கிழங்காகப் பொறுக்கித் தோலோடு வேகவைப்பார். கை பொறுக்காத சூட்டிலேயே உரித்து வட்டம் வட்டமாக நறுக்குவார். கோழி சூப்பில் பொடியாக நறுக்கிய வெங்காயம், வினிகர், கடுகு விழுது, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து, சுடச்சுடக் கிழங்கின் மேல் ஊற்றுவார். "ஆறிப்போன கிழங்கு வாயை மூடிக்கும், ஒண்ணையும் உள்ள விடாது" என்பார். எண்ணெய் கடைசியில்தான். மயோனைஸ் என்று யாராவது பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வினிகருக்கு அளவு கரண்டியெல்லாம் கிடையாது. பாட்டிலைத் திறந்து முகர்வார், அதன் காட்டத்தைப் பார்த்துவிட்டு எவ்வளவு ஊற்றுவது என்று முடிவு செய்வார். ஒருநாளும் தப்பாது.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. படுத்து எழுந்தார், வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு மாடிப்படியில் அந்தச் சத்தம் நின்றுபோனது. உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "என்ன சமையல்?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒருத்தி அடுப்படியில் வெந்து சாகிறேன், இந்த மனுஷனுக்கு அதுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வயசாக ஆக இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒரே மகள் கைக்குழந்தையோடு சாப்பிட வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த வீட்டுக் குழாயையும் இவர்தான் பார்த்து, சரி என்று சொன்னார். மகள் வீட்டை வேறு யாரும் பார்ப்பதற்கு விடுவாரா?

வினிகர் முதல் நாளே தீர்ந்திருந்தது. நான் புது பாட்டில் வாங்கிப் பையிலேயே வைத்திருந்தேன். பழைய பாட்டிலைக் கழுவி, செடிக்கு ஊற்றத் தண்ணீர் நிரப்பி ஜன்னலோரம் வைத்திருந்தேன். லேபிளைக் கிழிக்கவில்லை. சூப்பு கொதிக்கும்போது அவர் கை நேராக அந்தப் பாட்டிலுக்குப் போனது. "அது தண்ணிங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோய்விட்டார்.

தலையைச் சட்டென்று பின்னால் இழுத்தார். கண்ணைச் சுருக்கி, எரிச்சல் பட்டதுபோல் இமையைக் கொட்டினார். "இந்தத் தடவை காட்டம் ஜாஸ்தி. கொஞ்சமா விட்டா போதும்" என்றார். பார்த்துப் பார்த்து ஊற்றினார். வெறும் தண்ணீரை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உரித்த வெங்காயம் கையில் இருக்க அப்படியே நின்றேன். இந்த வாய் எதற்கும் சும்மா இருந்ததில்லை, அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டே இல்லை. சூப்பைக் கிழங்கின் மேல் ஊற்றிக்கொண்டு மெதுவாகப் பாட்டு முணுமுணுத்தார்.

சாப்பிட உட்கார்ந்தோம். முதல் கரண்டியை வாயில் வைத்ததும் அவர் கை நின்றது. ஜன்னலோரம் இருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, வினிகர் போட மறந்துட்டீங்களா? சப்புன்னு இருக்கே" என்றாள் மகள்.

"குழந்தைக்குப் பால் குடுக்கிற பொண்ணு நீ. புளிப்பு வேணாம்னுதான் விட்டுட்டேன்" என்றார். என் வீட்டுக்காரருக்குப் பொய் இவ்வளவு சரளமாக வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மகள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். குழந்தையை மடியில் மாற்றிப் போட்டபடி பேச்சுவாக்கில் சொன்னாள்: "சாயங்காலம் ஜன்னலைச் சாத்தினா அடுப்படியில ஒரு நாத்தம் வருதுப்பா. அழுகின முட்டை மாதிரி. சாக்கடையா இருக்கும்னு அவர் சொல்றாரு. கேஸா இருக்க வழியில்ல, நீங்களே பாத்த வீடாச்சே."

அவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "சாக்கடையாத்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு பாதிதான் காதில் விழுந்தது. மனசு முழுக்க அந்தப் பாட்டிலிலேயே இருந்தது. மகள் முன்னால் கேட்டு அவரைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிட்டு, குழந்தையைத் தூங்க வைத்து, பொழுது சாய்கிற நேரத்தில் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் வந்து நின்றேன்.

"அது தண்ணி."

"தெரியும். வாயில வெச்சப்ப தெரிஞ்சுது. நாக்குக்குப் புளிப்பு தெரியுது. மூக்குக்குத்தான் ஒண்ணுமே தெரியல."

"எப்பலேருந்து?"

"அந்தக் காய்ச்சல்லேருந்து. சில பேருக்குத் திரும்ப வரும்னு டாக்டர் சொன்னாரு. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "வேலையில? கசிவு பாக்குற மீட்டர் ஒண்ணு குடுத்திருந்தாங்களே. அத வெச்சுத்தானே பாக்குறீங்க?"

"அது எப்பவோ ரிப்பேருக்குப் போச்சு. உங்களுக்கு எதுக்கு மீட்டர்னு சிரிச்சாங்க, திருப்பிக் குடுக்கல. நானும் கேக்கல. இப்பப் போய்க் கேட்டா ஏன்னு கேப்பாங்க."

"அப்ப எத வெச்சு வீடு வீடா சரின்னு சொல்லிட்டு வர்றீங்க?"

"சோப்புத் தண்ணி. குழாய் சேர்ற இடத்துல தடவினா, கசிஞ்சா குமிழி வரும். கைக்கு எட்டுற இடமெல்லாம் தடவிப் பாத்துடுவேன்."

"எட்டாத இடம்?"

அப்போதுதான் மகள் சாப்பாட்டு மேசையில் சொன்னது முழுசாக என் காதில் விழுந்தது.

"நம்ம பொண்ணு வீடு?"

"அலமாரிக்குப் பின்னால ஒரு இணைப்பு இருக்கு. கை போகல. நாளைக்குக் காலையில யாருக்கும் தெரியாமப் போய் அலமாரியைக் கழட்டிப் பாத்துடலாம்னு..."

"நாளைக்கா?" என்றேன். அவளும் குழந்தையும் இந்நேரம் அந்த வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தே அனுப்பியிருக்கிறார். ஒரு பேருக்காக, ஒரு மூக்குக்காக. கைக்குக் கிடைத்த பாத்திரத்தை அவர் தலையில் போட்டிருப்பேன், நேரம் இல்லை.

மகளுக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டு நாற்காலியிலேயே, குழந்தையின் துண்டுக்கு அடியில் மணி அடித்தது. போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாப்பிள்ளையின் போன் அணைந்திருந்தது. செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி, வந்த முதல் டாக்சியை மறித்து ஏறினோம். வழி நெடுக அவர் "பஸ் லேட்டா வரும், ஞாயித்துக்கிழமை பஸ் எப்பவும் லேட்டாத்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மகள் இருந்த கட்டடத்தில் மாடிப்படி ஏறும்போதே எனக்கு வந்துவிட்டது. அழுகின முட்டை நாற்றம். நான் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"வருதா?"

"வருது."

"நிறையவா?"

"மூச்சு முட்டுது."

மாடிப்படியில் நின்று ஊருக்கே வாசனை சொன்ன மனுஷன், என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அதை நினைக்கக்கூட அப்போது நேரமில்லை. மேலே மகளின் கதவு திறந்திருந்தது. அப்போதுதான் வந்திருக்கிறாள். உள்ளே இருட்டு. நாற்றத்தைச் சாக்கடை என்றே நினைத்துவிட்டாள். தோளில் குழந்தை, ஒரு கை சுவரைத் தடவி விளக்கு சுவிட்சை நோக்கிப் போகிறது.

"தொடாதே!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. அவள் பேயறைந்த மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். குழந்தை வீரிட்டது. இவர் பாய்ந்து இரண்டு பேரையும் வெளியே இழுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, மாடிப்படிச் சுவரில் இருந்த கேஸ் வால்வை இருட்டில் தடவிப் பிடித்து மூடினார். அப்புறம் ஒவ்வொரு கதவாகத் தட்டி, யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம், அப்படியே கீழே இறங்குங்கள் என்று கட்டடத்தையே காலி செய்தார். அந்த வேலையை ஒரு தப்பில்லாமல் செய்தார். அதையும் சொல்ல வேண்டும்.

தெருவில் எல்லோரும் கூடி நின்றார்கள். கீழ் வீட்டு டெய்லர் இவர் தோளைத் தட்டினார். "மூக்குக்காரருன்னா சும்மாவா? எங்கேயோ இருந்துக்கிட்டு மோப்பம் பிடிச்சு வந்துட்டாரு பாருங்க." நாலு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரோ கைதட்டினார்கள். மகள் அழுதுகொண்டே அப்பாவின் கையைப் பிடித்து அதில் முகத்தைப் புதைத்தாள். "நீங்க மட்டும் வரலைன்னா" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நின்றிருக்காது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லவில்லையென்றால் இந்த மனுஷனோடு நான் வீடு திரும்புவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "வாசனை பிடிச்சது இவ. நான் இல்ல" என்று என்னைக் காட்டினார். "எனக்கு மழைக்காலத்துலேருந்து மூக்குல எதுவுமே ஏறல. கேஸும் தெரியாது, எதுவும் தெரியாது. தெரியாமத்தான் இந்த வீட்டைச் சரின்னு சொன்னேன். மத்தியானம் என் பொண்ணு நாத்தம் வருதுன்னு சொன்னா. சாக்கடைன்னு சொல்லி அனுப்பி வெச்சவனும் நான்தான்."

டெய்லர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்புறம் அவர் கையை விட்டாள். குழந்தையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு, அவருக்கு எட்டாத பக்கமாக மாற்றிக்கொண்டாள். எனக்குக் கதறி அழவேண்டும் போலிருந்தது.

அவர் தள்ளிப் போய்க் கம்பெனிக்குப் போன் செய்தார். தான் சரி சொன்ன வீடுகளை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். தெரு, கதவின் நிறம், எந்த மாடி, அடுப்படி எந்தப் பக்கம் என்று ஒன்றுவிடாமல். எந்த வீட்டில் எந்த மூலைக்குக் கை எட்டவில்லை என்பதையும் சொன்னார். எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. அத்தனை வீட்டையும் மனசில் வைத்துக்கொண்டுதான் என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார். கம்பெனி ஆட்கள் மீட்டரோடு அந்த வீடுகளுக்கெல்லாம் போனார்கள். இன்னொரு வீட்டிலும் கசிவு இருந்தது. உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடாமல் அந்த வீட்டில் இருந்தவர்கள் சோம்பலாக இருந்ததால் தப்பித்தார்கள்.

அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஸ்டோர் ரூமில் போட்டார்கள். காலையில் கிளம்புகிற ஆட்களுக்கு மீட்டரைச் சரிபார்த்து எடுத்துக் கொடுக்கிற வேலை. மீட்டர் வாங்காமல் ஒருவரையும் வெளியே விடமாட்டார் என்று கேள்வி. மூக்குக்காரர் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. நான் கத்த வேண்டியதையெல்லாம் கத்தித் தீர்த்துவிட்டேன். இப்போது அவர் படியேறும் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து, "முட்டைக்கோஸ், கருகல" என்று நானே சொல்லிவிடுகிறேன்.

மகள் வெகுநாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான்தான் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவேன். அவரைப் பற்றி அவள் விசாரிக்கவும் மாட்டாள், நான் பேச்செடுத்தால் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவள்மேல் என்ன தப்பு? போன ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் குழந்தையோடு வந்து நின்றாள். அவர் கிழங்கை அடுப்பில் வைத்தார். உரித்தார், நறுக்கினார். சூப்பு கொதித்தது. ஜன்னலோரம் கைநீட்டியவர் பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைத் தேடினார்.

நான் எழுவதற்கு முன் மகள் எழுந்து போனாள். பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, நன்றாக இழுத்து முகர்ந்தாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.

"வினிகர்தாம்பா" என்றாள். "ஊத்துங்க."