எங்கள் பம்பு நின்ற கோடை

பிள்ளைகளா, அந்தக் கோடையில் நான் ஏன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன் என்று நீங்கள் கேட்டதில்லை. நான் ஐடிஐயோடு நின்றவன். தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

லிவர்மோர் மலைகளைத் தாண்டி இறங்கினால் நம் பாதாம் தோட்டம். அம்மா நர்ஸ் வேலையில் சேர்த்ததும் நான் ட்ரக் ஓட்டிச் சேர்த்ததும் அந்த மண்ணுக்குள்தான் போயிற்று. தோட்டத்து ஓரமாக நதி, நதியில் நம் பம்பு. மழை பொய்த்த அந்த வருஷம், வெயில் ஏறும் முன்பே அரசாங்கத்திடமிருந்து உத்தரவு வந்தது: பம்பை நிறுத்து.

நதியில் தண்ணீர் இல்லாமலா? ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேலே அணையில் தேக்கித் திறந்துவிட்ட தண்ணீர் அது. கீழே இருப்பவர்களுக்கும் மீன்களுக்கும் சொந்தம். நம் ஊர்ப் பக்கத்தில் தலைமடை, கடைமடை என்று சண்டை போடுவார்கள். இந்த நாட்டில் இடம் கணக்கில்லை, வருஷம்தான் கணக்கு. முதலில் தண்ணீர் எடுத்தவருக்கு முதல் உரிமை. கடைசியில் வந்தவன் பம்பு முதலில் நிற்கும். நம்முடையது கடைசி.

இலைகள் சுருள ஆரம்பித்தன. நதிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போடும் அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள் என்று யாரோ சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. நம்மாள் ஒருத்தர் உள்ளே இருந்தால் போதும் என்று நினைக்கிற புத்தி நமக்கு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய், கோயில் கேன்டீனில் அவளைப் பிடித்தேன்.

"அம்மா, நீங்கதான் கம்ப்யூட்டர்ல நதிக்கு மாடல் போடுறீங்களாம். எங்க வருஷத்தக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வைக்க முடியாதா?"

புளியோதரைத் தட்டோடு அவள் சிரித்துவிட்டாள். "அங்கிள், மாடல்ல மாத்தினா ஆர்டர் மாறாது. நான் கணக்குதான் பார்க்கிறேன். ஷட்டரைத் திறக்கிறவ நான் இல்ல."

"சும்மா போட்டுக் காட்டும்மா. என் மரம் பொழைச்சத ஒரு வாட்டி கண்ணால பார்த்துக்கிறேன்."

என் முகம் எப்படி இருந்ததோ, காருக்குப் போய் லேப்டாப்பை எடுத்து வந்தாள். திரையில் நதி ஒரு நீலக் கோடு. மேலே அணை, ஒரு பெட்டி. கோட்டின் இரண்டு பக்கமும் புள்ளிகள், ஒவ்வொன்றும் தண்ணீர் எடுக்கிற ஒருவர். நம் வருஷத்தை முன்னால் தள்ளினாள். நம் புள்ளி பச்சையானது. கீழே வேறொன்று சிவந்தது.

"அது யாரு?"

"சின்ன ஊர், அங்கிள். தோட்ட வேலைக்குப் போறவங்க இருக்கிற இடம். அது குடிக்கிற தண்ணி."

"அப்ப அணையில இன்னும் கொஞ்சம் திறந்து விடு."

திறந்தாள். எல்லாம் பச்சை. மாதங்களை நகர்த்தினாள். பெட்டி இறங்கிக்கொண்டே வந்து, அடுத்த கோடையில் கோடு முழுக்கச் சிவப்பு.

"அடுத்த வருஷம் மழை பெய்யும்ல?"

"பெஞ்சா சரி."

"பெய்யும்னு போடேன்!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகளே, அப்போது நீதான் மெதுவாகச் சொன்னாய், "அப்பா, யூ காண்ட் ஜஸ்ட் டைப் ரெயின்." தம்பி சிரித்தான்.

அவள் லேப்டாப்பை மூடினாள். "கிணறு இருக்கா, அங்கிள்?"

"இருக்கு. பாதி மரத்துக்குத்தான் காணும்."

"அப்போ பாதியக் காப்பாத்துங்க. எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தினா எல்லாமே போயிடும்."

திரும்பும் வழியில் சிவப்பு ரிப்பன் வாங்கினேன். தண்ணீர் நிறுத்த வேண்டிய மரங்களுக்கு அடையாளம். முதலில் எந்த மரத்தை விடுவது? பெரிய மரங்கள் காய்த்துக்கொண்டிருந்தன, அவற்றை வைத்துத்தான் நம் பிழைப்பு. வேலியோரம் நீங்கள் இருவரும் அதற்கு முந்தின வருஷம் நட்ட கன்றுகள் காய்க்க இன்னும் காலம் கிடந்தது. எத்தனை தடவை சுற்றி வந்தும் கால் அங்கேதான் போய் நின்றது.

முதல் கன்றில் ரிப்பனைச் சுற்றினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"பட் அப்பா, தே ஜஸ்ட் காட் ஹியர்."

இப்போதுதானே வந்தன என்றாய். உன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, முடிச்சைப் போட்டேன்.